வோல்ட் மீட்டர் குறைத்துக் காட்டினால் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி: காரில் தனியாக ஒரு டிஜிட்டல் வோல்ட் மீட்டர் வாங்கிப் பொருத்தினேன். சிவப்பு வயரைச் சிகரெட் லைட்டருக்குப் போகும் வயரிலும், கறுப்பு வயரை அங்கேயே இருந்த எர்த் வயரிலும் சேர்த்தேன். இஞ்சின் ஓடும்போது 13.5 வோல்ட் காட்டுகிறது. ஹெட்லைட்டும் ஏசியும் போட்டால் 12.9க்கு இறங்கிவிடுகிறது. அதே நேரத்தில் பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தால் 14.1. ஸ்டார்ட் செய்யும்போது மீட்டர் அணைந்தும் போகிறது. மீட்டர் மட்டமானதா? கனெக்‌ஷனை எங்கிருந்து எடுப்பது சரி?

பதில்: மீட்டரைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. வோல்ட் மீட்டருக்குப் பேட்டரி எங்கே இருக்கிறது என்று தெரியாது. தன் இரண்டு வயர்களும் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவில் எத்தனை வோல்ட் இருக்கிறதோ, அதை மட்டும் காட்டும். நீங்கள் அளப்பது பேட்டரியை அல்ல, சிகரெட் லைட்டர் சர்க்யூட்டை.

இடையில் வோல்ட் எங்கே போகிறது? மீட்டர் இழுக்கும் கரன்ட் மிகமிகக் குறைவு, 20 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வழியில் 0.05 ஓம் தடை இருந்தாலும் அது தானாக இழப்பது 1 மில்லிவோல்ட்தான். ஆனால் அதே வழியில் ஏசியின் புளோயர் (காற்றை வீசும் ஃபேன்) 15 ஆம்பியர் இழுத்தால், அதே 0.05 ஓமில் 0.75 வோல்ட் காணாமல் போகும். இக்னிஷன் சுவிட்சின் உள்காண்டாக்ட், கனெக்டர்கள், பல கருவிகள் பங்குபோடும் எர்த் போல்ட் எல்லாவற்றிலும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அதனால் மீட்டருக்குத் தடிமனான வயர் போட்டுப் பயனில்லை. 0.5 அல்லது 0.75 சதுர மில்லிமீட்டர் வயரே தாராளம். அடுத்தவர் கரன்ட் ஓடாத வழியாக மீட்டருக்கு வயர் கொண்டுவர வேண்டும், அதுதான் முக்கியம்.

எதையும் மாற்றுவதற்கு முன் குறை பிளஸ் பக்கமா, எர்த் பக்கமா என்று பார்த்துவிடுங்கள். இஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி இரண்டையும் போடுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும், மறுமுனையை மீட்டரின் சிவப்பு வயர் சேரும் இடத்திலும் வையுங்கள். எட்டாது என்றால் ஒரு நீள வயரை இடையில் சேர்க்கலாம். ஃபேன், பெல்ட் பக்கம் அது போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வரும் எண்தான் பிளஸ் பக்க இழப்பு. அப்புறம் இதையே பேட்டரியின் மைனஸுக்கும் கறுப்பு வயருக்கும் இடையில் செய்யுங்கள். உங்கள் காரில் இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 1.2 வோல்ட் வர வேண்டும், அதாவது 14.1க்கும் 12.9க்கும் உள்ள வித்தியாசம். எந்தப் பக்கம் பெரிய எண் வருகிறதோ அந்தப் பக்கத்தை முதலில் சரிசெய்யுங்கள். பலரும் பிளஸ்ஸையே துருவிக்கொண்டிருப்பார்கள், எர்த்தை மறந்துவிடுவார்கள். எனக்கு முதல் சந்தேகம் எப்போதும் எர்த் மேல்தான்.

எர்த் வேலை எளிது. பெயின்ட் இல்லாத, பாடியோடு நேராகச் சேர்ந்த உலோகத்தில், வளையமுனை போட்டுத் தனி போல்ட்டில் இறுக்குங்கள். புளோயரும் ஹெட்லைட்டும் சேரும் எர்த் போல்ட்டைத் தவிருங்கள். புதிய கார்கள் பலவற்றில் பேட்டரியின் மைனஸ் முனையிலேயே கரன்ட்டை அளக்கும் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். அப்படி இருந்தால் எர்த்தை அந்த முனையில் நேராகப் போடக்கூடாது, பாடியில்தான் போட வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும்போது அணைவதற்குக் காரணம் வேறு. சிகரெட் லைட்டர் பெரும்பாலும் சாவியின் ஏசிசி (ACC) நிலையில் வரும் சப்ளை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியின் பலம் முழுதும் அதற்குப் போகட்டும் என்று காரே அந்த சப்ளையை வெட்டிவிடும். ஆனால் பேட்டரியின் உடல்நிலை தெரிவது அந்த இரண்டு மூன்று விநாடிகளில்தான். நல்ல பேட்டரி ஸ்டார்ட் ஆகும்போது 10 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். சாதாரண வெப்பநிலையில் 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். அதனால் இக்னிஷன் ஆனிலும், ஸ்டார்ட் செய்யும்போதும், இரண்டிலும் உயிரோடிருக்கும் சப்ளைதான் நமக்கு வேண்டும்.

சிலர் நேராகப் பேட்டரியிலேயே கொடுத்துவிடலாமே என்பார்கள். அளவு துல்லியமாக வரும், உண்மை. ஆனால் 20 மில்லிஆம்பியர் என்றாலும் நாள் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட 0.5 ஆம்பியர்-மணி, ஒரு மாதம் வண்டி நின்றால் 14க்கு மேல். 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வேண்டவே வேண்டாம்.

நான் பரிந்துரைப்பது ஒரு சின்ன ரிலே, அதாவது ஒரு சப்ளை வந்தால் இன்னொரு சர்க்யூட்டைத் தானாகச் சேர்க்கும் சுவிட்ச். 30, 87, 86, 85 என்பவை அதன் கால்களின் எண்கள். பேட்டரி பிளஸ்ஸில் இருந்து ஒரு வயர், அந்த முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 1 அல்லது 2 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30. ரிலேயின் 87இலிருந்து மீட்டரின் சிவப்பு. 86க்கு இக்னிஷன் சப்ளை, 85க்கு எர்த். ரிலே காயில் சுமார் 0.15 ஆம்பியர்தான் இழுக்கும், அதுவும் சாவி ஆனில் இருக்கும்போது மட்டும். சாவியை ஆஃப் செய்தால் எல்லாம் அடங்கிவிடும். மீட்டரோ பேட்டரியிலிருந்து தனக்கென்றே வரும் வயரில் அளக்கிறது. ஃபியூஸ் மீட்டருக்காக இல்லை, வயருக்காக. வயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். அதனால்தான் மீட்டர் பக்கம் போடாமல் பேட்டரி பக்கம் போடுகிறோம். இஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் குரோமெட் (வயர் உரசாமல் காக்கும் வளையம்) கட்டாயம் இருக்கட்டும்.

86க்கான சப்ளையை ஃபியூஸ் பாக்ஸில் இருந்தே எடுக்கலாம். ஃபியூஸ் டேப் என்று ஒரு துணைப்பொருள் கிடைக்கும். இருக்கும் ஃபியூஸைக் கழற்றி அந்த இடத்தில் செருகினால் கூடுதலாக ஒரு ஃபியூஸும் ஒரு வயரும் கிடைக்கும். எந்தத் திசையில் செருகுகிறோம் என்பதைக் கவனியுங்கள்: ஃபியூஸைக் கழற்றியபின் சாவி ஆனில் எந்தக் கால்குழியில் 12 வோல்ட் வருகிறதோ, டேப்பின் இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவான கால் அந்தப் பக்கம் இருக்க வேண்டும். சாவி ஆனிலும் ஸ்டார்ட் செய்யும்போதும் 12 வோல்ட் சப்ளை நிற்கும் சர்க்யூட்டைச் சோதித்துத் தேர்ந்தெடுங்கள்; வைப்பர், பின்கண்ணாடி ஹீட்டர் போன்றவற்றின் சப்ளை பல கார்களில் ஸ்டார்ட் செய்யும்போது வெட்டப்பட்டுவிடும். ஏர்பேக், ஏபிஎஸ், இஞ்சின் கன்ட்ரோல் யூனிட் ஃபியூஸ்களில் கை வைக்காதீர்கள். டேஷ்போர்டுக்கு அடியில் மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ தெரிந்தால் அது ஏர்பேக் வயர், விலகிவிடுங்கள். ஹைபிரிட், மின்சார கார்களில் ஆரஞ்சு நிற கேபிளும் அப்படியே. இந்தச் சோதனைகள் முடிந்ததும், வயரிங்கைத் தொடுவதற்கு முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள்.

மூன்றாவதாக ஒரு வயர் இருந்தால் அநேகமாக அது வெளிச்சத்துக்கு. பார்க்கிங் லைட் சப்ளையோடு சேர்த்தால் இரவில் மீட்டர் மங்கலாகும், அல்லது ஒளிரும். மீட்டருக்கு மீட்டர் மாறும் என்பதால் கூட வந்த தாளைப் பாருங்கள். வேண்டாம் என்றால் முனையை இன்சுலேட் செய்து கட்டி வையுங்கள். இணைப்புகளை கிரிம்ப் செய்து (உலோக முனையில் வைத்து நசுக்கி) ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போடுங்கள். டேப் சுற்றிய முறுக்கு இணைப்பு வெயிலிலும் அதிர்விலும் தளர்ந்துவிடும்.

எல்லாம் முடிந்து பேட்டரி மைனஸை மாட்டியபின், இப்போது எண்களைப் படிக்கலாம். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6க்கு மேல் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை. 15க்கு மேலேயே நின்றால் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். ஆனால் உங்கள் கார் புதியது என்றால் கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரின் (பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) வோல்ட்டை ஏற்றி இறக்கும். எரிபொருள் மிச்சம் பிடிக்கச் சீரான ஓட்டத்தில் 12.5 வரை கூட இறங்கி, பிரேக் பிடிக்கும்போது மேலேறும். அது பழுதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பேட்டரியில் 14.1, மீட்டரில் 13.9 என்று வந்தால், மல்டிமீட்டரை மீட்டரின் பின்முனைகளிலேயே வைத்துப் பாருங்கள். அங்கேயும் 14.1 வந்தால் அந்த 0.2 மீட்டரின் சொந்தப் பிழை. சில மீட்டர்களின் பின்னால் சின்ன அட்ஜஸ்ட் ஸ்க்ரூ இருக்கும், மெதுவாகத் திருப்பிச் சரிசெய்யலாம். இல்லையென்றால் அந்த 0.2ஐக் கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.