காய்ச்சல் இறங்கிய பிறகு இன்னொரு கிருமி ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரை நோயாளி. சிறுநீர்த் தொற்று முற்றி செப்சிஸ் (தொற்றை எதிர்க்கும் வேகத்தில் உடம்பு தன் உறுப்புகளையே பாதித்துக்கொள்ளும் நிலை) ஆகிவிட்டதென்று ஐ.சி.யூ.வில் சேர்த்தோம். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது, பி.பி.யும் தேறியது. ஒன்பதாம் நாள், நுரையீரலில் புதிதாக வேறொரு கிருமி என்கிறார்கள். இவ்வளவு ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் எப்படி? எதிர்ப்பு சக்திக்கு ஊசி போடச் சொல்லலாமா?

பதில்: ஐ.சி.யூ. வாசலில் அடிக்கடி கேட்கும் கேள்விதான் இது. யாரோ கவனக்குறைவாக இருந்துவிட்டார்களோ என்ற பயமும் கூடவே இருக்கும். கை வழியாகவோ குழாய் வழியாகவோ கிருமி வருவது உண்டு, மறுக்கமாட்டேன். ஆனால் அது உள்ளே வந்து காலூன்றியதற்குக் காரணம் பெரும்பாலும் அப்பாவின் ரத்தத்திலேயே இருக்கும்.

அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மொத்த வெள்ளணு 18,000, அதில் லிம்போசைட் என்ற வகை 4 சதவீதம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 18,000-இல் 4 சதவீதம் என்றால் 720. பெரியவர்களுக்கு இது பொதுவாக 1,000-க்கு மேல் இருக்க வேண்டும். கவுண்ட் ஏறியிருப்பதைப் பார்த்து உடம்பு நன்றாகப் போராடுகிறது என்று நினைக்கிறோம். ஏறியது பெரும்பாலும் நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளணு. அவற்றிலும் பல, முழுதாக முதிராமல் எலும்பு மஜ்ஜையிலிருந்து அவசரமாக வந்தவை. கிருமியை அடையாளம் கண்டு, நினைவில் வைத்து, குறிபார்த்து அடிக்கும் லிம்போசைட்டுகளோ ஆயிரக்கணக்கில் தாமாகவே மடிந்துகொண்டிருக்கும்.

மிஞ்சியவையும் சோர்ந்துபோகின்றன. மோனோசைட் என்ற வெள்ளணு கிருமியைத் தின்று, அதன் துண்டு ஒன்றைத் தன் மேற்பரப்பில் தூக்கிக் காட்டினால்தான் டி-செல் என்ற லிம்போசைட் விழித்துக்கொள்ளும். கடும் செப்சிஸில் அப்படித் தூக்கிக் காட்டும் எச்.எல்.ஏ.-டி.ஆர். என்ற புரதமே குறைந்துவிடுகிறது. 2011-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகர ஆய்வாளர்கள், செப்சிஸில் இறந்த 40 பேரின் மண்ணீரலைச் சோதித்தார்கள். அதிலிருந்த அணுக்களைத் தூண்டிவிட்டுப் பார்த்தபோது, எதிர்ப்பைத் தூண்டும் புரதங்களை, செப்சிஸ் இல்லாதவர்களுடைய அணுக்கள் சுரந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இவை சுரக்கவில்லை. முதல் நாட்களில் அளவுக்கு மீறிக் கொதித்த அதே எதிர்ப்பு சக்திதான் இது. சாதாரணமாக நம்மை ஒன்றும் செய்யாத கேண்டிடா பூஞ்சை, அசினெட்டோபாக்டர் பாக்டீரியா, உடம்புக்குள் வருடக்கணக்கில் தூங்கிக் கிடந்த ஹெர்பிஸ் வைரஸ் எல்லாம் தலைதூக்குவது இந்தக் கட்டத்தில்தான்.

சரி, ஊசி? இன்றைக்கு வழக்கமாகப் போடக்கூடிய, உயிரைக் காக்கும் என்று நிரூபணமான எதிர்ப்பு சக்தி ஊசி இல்லை. லிம்போசைட்டைப் பெருக்கும் இன்டர்லூக்கின்-7 என்ற புரதத்தை 27 பேர் கொண்ட 2018 ஆய்வில் சோதித்தபோது, அதைப் பெற்றவர்களுக்கு லிம்போசைட் 3, 4 மடங்கு ஏறியது. நம்பிக்கை தரும் விஷயம்தான். ஆனால் அவ்வளவு சிறிய ஆய்வை வைத்து, பிழைப்பவர்கள் கூடுவார்களா என்று சொல்ல முடியாது. இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதம்) ஊசியைப் பெரியவர்களின் செப்சிஸுக்குப் போட வேண்டாம் என்றுதான் 2021 சர்வதேச வழிகாட்டல் சொல்கிறது. நகையை அடகு வைத்து அதை வாங்கித் தர முன்வருபவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். வேறொரு காரணத்துக்காக என்று மருத்துவர் சொன்னால், அது என்ன காரணம் என்று கேளுங்கள். மூக்குக் குழாய் வழியே கஷாயம் ஊற்றச் சொல்லியும் வற்புறுத்தாதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தினமும் மருத்துவரிடம், "யூரின் டியூப், கழுத்து லைன் இன்றும் தேவையா டாக்டர்?" என்று கேளுங்கள். தேவையற்ற ஒவ்வொரு குழாயும் கிருமிக்கு ஒரு வாசல். சர்க்கரை எவ்வளவு, டியூப் ஃபீட் முழுதாகப் போகிறதா, எந்தக் கிருமி என்று காட்டும் புதுக் கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததா என்றும் கேட்கலாம், தவறில்லை. உள்ளே போகும்போதும் வரும்போதும் கை கழுவுங்கள். சளி, இருமல் இருக்கும் உறவினர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் வெளியே நிற்கட்டும்.

அப்புறம், வீடு திரும்பிய பின்பும் எதிர்ப்பு சக்தியின் இந்தச் சோர்வு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கலாம். முதல் மூன்று மாதம் கூடுதல் கவனம் வேண்டும். குளிர் நடுக்கம், மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது, பேச்சில் தடுமாற்றம் இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நிமோகாக்கல், ஃப்ளூ தடுப்பூசிகளை எப்போது போடலாம் என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'செப்சிஸ்' என்ற சொல்லும், வளர்ந்த கிருமிகளின் பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அந்தத் தாளைக் காட்டுங்கள்.