வான்கோழி பண்ண கிட் எதுக்கு? உங்க பொண்ணு கையே போதும்

கேள்வி: நாங்க டெக்சாஸ்ல இருக்கோம். பொண்ணுக்கு மூணரை வயசு, பையனுக்கு 14 மாசம். பொண்ணோட ப்ரீஸ்கூல்ல ஒரு பேப்பர் வான்கோழிய குடுத்தனுப்பி, வான்கோழி சமைச்சு சாப்பிடுற நவம்பர் பண்டிகை தேங்க்ஸ்கிவிங்குக்கு அதை யாரும் சாப்பிட்டுடாம இருக்க மாறுவேஷம் போட்டு அனுப்புங்கன்னு சொல்லிருக்காங்க. ஆன்லைன்ல 23 டாலருக்கு ஒரு வான்கோழி கைவேலை கிட் வாங்கி பழகிப் பாக்கலாம்னு உக்கார வெச்சேன். ரெண்டு நிமிஷத்துல எல்லாத்தையும் கலைச்சுட்டு அழ ஆரம்பிச்சுட்டா, கையில பெயின்ட் பட்டாலே கத்துறா. மீதிய நான்தான் ராத்திரி உக்காந்து ஒட்டினேன். அவளே பண்ற மாதிரி சிம்பிளா ஏதாவது இருக்கா? பசை, பெயின்ட் எல்லாம் சேஃபா? பிரிச்ச கிட்டை என்ன பண்றது?

பதில்: முதல்ல இதைச் சொல்லிடுறேன்மா, உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு அந்த கிட்ல இருக்கு. 16 வருஷமா ப்ரீஸ்கூல்ல மூணு நாலு வயசுப் பிள்ளைங்களோடதான் இருக்கேன், ஒவ்வொரு நவம்பரும் இதே புலம்பல்தான் வருது. அந்த கிட்ல இருக்குற ஃபோம் துண்டுக்குப் பின்னாடி ஒட்டியிருக்குற மெல்லிசு பேப்பரை உரிக்கணுமே, அதுக்கே நகமும் பொறுமையும் உள்ள பெரியவங்களுக்கு நேரமாகும், மூணரை வயசு விரலுக்கு அது வரவே வராது. அப்புறம் இறகு இங்க, மூக்கு இங்கன்னு டப்பா மேல ஒரு படம் வேற, அந்தப் படத்தைப் பண்ணினது ஒரு பெரியவங்க. குழந்தை அதைப் பாத்து அதே மாதிரி வரலேன்னு அழுது, நாம பாத்து அய்யோ நம்ம புள்ளைக்கு கைவேலை வரலயேன்னு பயப்படுறோம்.

ஸ்கூல் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லணும், எனக்கு இதுல உள்ளபடியே கோவம் உண்டு. மூணரை வயசுக் குழந்தைக்கு மாறுவேஷம்ங்கறதே முழுசாப் புரியாது, கத்தரிக்கோல்ல விளிம்பை சின்னச் சின்னதா நறுக்கத்தான் அந்த வயசுல வரும், வட்டமா வெட்ட இன்னும் ஒண்ணு ஒன்றரை வருஷம் ஆகும். அப்ப அந்த பேப்பர் வான்கோழி வீட்டுப்பாடம் யாருக்கு? அம்மாவுக்கு. ஆபீஸ் முடிச்சு, சமைச்சு, கைக்குழந்தைய தூங்க வெச்சு அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு உக்காந்து பண்ற அம்மாவுக்கு. அப்புறம் சுவத்துல வரிசையா மாட்டி வெக்கிறாங்க, எது அம்மா பண்ணினது எது குழந்தை பண்ணினதுன்னு பாத்த உடனே தெரியுது, தானே பண்ணின குழந்தையோடதுதான் அங்க மோசமாத் தெரியுது. டீச்சரையும் குத்தம் சொல்ல முடியாது, மேல இருந்து வர்ற மாசாமாச லிஸ்ட்ல இருக்கு, அவங்களும் குடுத்தனுப்புறாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். கை அச்சு வான்கோழி, இதை மிஞ்சினது ஒண்ணும் கிடையாது. உள்ளங்கைதான் உடம்பு, கட்டைவிரல் தலை, மீதி நாலு விரலும் விரிச்ச வால் இறகு. கெட்டி வெள்ளை அட்டை, பிரஷ், தண்ணியில கழுவினாப் போற டெம்பரா பெயின்ட், இவ்வளவுதான். உள்ளங்கையிலயும் கட்டைவிரல்லயும் பிரவுன், மீதி விரலுக்கு ஒவ்வொரு கலர், அந்தக் கலரை அவ செலக்ட் பண்ணட்டும், இறகு நீலமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அட்டையில கைய வெச்சு அஞ்சு எண்ணிட்டு நேரா மேல தூக்கணும், இழுத்தா கரைஞ்சிடும். கரைஞ்சாலும் பரவால்ல. அன்னிக்கு அதோட விட்டுடுங்க, காயட்டும். மறுநாள் காலையில மார்க்கர்ல ஒரு கண்ணு, ரெண்டு காலு, அலகுக்குக் கீழ தொங்குற அந்த சிவப்புத் தாடி, அதுக்கு சிவப்பு டிஷ்யூ பேப்பரை அவளே கிழிச்சு ஒட்டலாம். கிழிக்கறதுதான் அந்த வயசுல விரலுக்கு நல்ல வேலை. எல்லாத்தையும் ஒரே மூச்சுல முடிக்கணும்னு நினைக்கிறப்பதான் அழுகை வருது, அஞ்சு ஏழு நிமிஷத்துக்கு மேல அந்த வயசுல ஒரு இடத்துல உக்கார மாட்டாங்க.

உங்க பொண்ணுக்கு பெயின்ட் பட்டாலே பிடிக்காதுன்னு சொன்னீங்களே, அதைக் கொஞ்சம் விரிவாவே பேசணும், நிறைய வீட்ல இதுதான் நடக்குது, யாரும் சரியாச் சொல்ல மாட்டேங்கறாங்க. கையப் புடிச்சு அழுத்தி அச்சு எடுக்கவே எடுக்காதீங்க. ஒருதரம் அப்படிப் பண்ணினா அந்தப் பிள்ளை அப்புறம் ரொம்ப நாளைக்கு பெயின்ட் பக்கமே வராது, என் கிளாஸ்லயே பாத்திருக்கேன். அதுக்குப் பதிலா, அட்டையில கைய விரிச்சு வெக்கச் சொல்லி சுத்தி கிரேயான்ல வரைஞ்சுடுங்க, உள்ள அவ கிறுக்கட்டும். அதுவும் கூசுதுன்னா, உங்க கைய வெச்சு அவளை வரையச் சொல்லுங்க, அம்மா கை பெரிய வான்கோழி, ரொம்ப சந்தோஷமா வரைவாங்க. இன்னொண்ணு, ஜிப் பைக்குள்ள அட்டைய வெச்சு, அது மேல மூணு நாலு சொட்டு பெயின்ட் விட்டு இறுக்க மூடி, வெளியில இருந்து தட்டித் தேய்க்கச் சொல்லுங்க, கையில ஒட்டாது, கலர் ஓடுறதைப் பாக்கலாம், காஞ்சதும் அதை இறகா வெட்டிக்கலாம். ஃபோர்க்கை பெயின்ட்ல தொட்டு ஒத்தி ஒத்தி எடுத்தாலும் அசல் இறகு மாதிரியே வரும். எது பண்ணினாலும் பக்கத்துல ஒரு ஈரத்துணி, எப்ப வேணா தொடைச்சுக்கலாம்னு தெரிஞ்சாலே பாதி பயம் போயிடும், ரெண்டு மூணு தரத்துக்கு அப்புறம் அதுவா ஒத்த விரலை விட்டுப் பாக்கும். பெயின்ட் மட்டும்தான் பிடிக்கலன்னா கவலைப்படாதீங்க, இந்த வயசுல சகஜம். சட்டை லேபில், சாக்ஸ் தையல், தலைக்குத் தண்ணி ஊத்துறது, கொழகொழ சாப்பாடுன்னு எல்லாத்துக்கும் இதே கத்தல்னா அடுத்த செக்கப்ல பீடியாட்ரீஷியன் கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

ரெண்டாவது, காபி ஃபில்டர் வான்கோழி. நம்ம டிகாஷன் ஃபில்டர் இல்ல, இங்க காபி மெஷின்ல போடுற வெள்ளை பேப்பர் கப், கடையில நூறு பேப்பர் ரெண்டு மூணு டாலருக்குள்ள கிடைக்கும். அதைத் தட்டையா விரிச்சு வாஷபிள் மார்க்கர்ல கிறுக்கச் சொல்லுங்க, அடியில ஒரு தட்டு வைங்க, அப்புறம் ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணிய அடிக்கச் சொல்லுங்க, கலரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஓடிக் கலக்கும். பெயின்ட் பிடிக்காத குழந்தைக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. காஞ்சதும் பாதியா மடிச்சா வால் ரெடி, முன்னாடி பிரவுன் பேப்பர்ல ஒரு தலை. பர்மனென்ட் மார்க்கர் போட்டா தண்ணியில ஓடாது, பாத்து எடுங்க.

இலை ஒட்டி பண்றதும் நல்லாத்தான் இருக்கும், கீழ விழுந்த இலைய பொறுக்கி புஸ்தகத்துக்குள்ள ஒரு வாரம் வெச்சா தட்டையாயிடும். ஆனா மூணு மூணா இலை இருக்குற கொடி பக்கம் போக வேண்டாம். பாய்சன் ஐவி உங்க ஊர்லயும் உண்டு, இலையுதிர் காலத்துல அழகா சிவப்பாகும், குழந்தை அதைத்தான் முதல்ல எடுக்கும். காஞ்ச இலையில கூட அந்த எண்ணெய் இருக்கும், தோல் கொப்புளிச்சிடும்.

சேஃப்டிக்கு வரேன். டியூப் பின்னாடி "ஏஎஸ்டிஎம் டி-4236"ன்னு பொடி எழுத்துல இருக்கும், அதைப் பாத்துட்டு ஆஹா சேஃப்னு எல்லாரும் வாங்கிடுறாங்க. அது தப்பும்மா. இதுல இருக்குறதை ஒரு நிபுணர் பாத்துட்டார், நாள்பட்ட ஆபத்து இருந்தா லேபில்ல எச்சரிக்கை போட்டிருக்கும், அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். ஆபத்தான பொருள்லயும் அதே நம்பர் இருக்கலாம். 1988ல சட்டம் கொண்டு வந்தாங்க, இத்தனை வருஷமா ஒரு அம்மாவுக்குப் புரியற மாதிரி எழுத மட்டும் யாருக்கும் மனசு வரல. நீங்க தேட வேண்டியது வட்டத்துக்குள்ள "ஏபி"ன்னு இருக்குற முத்திரை, அதுதான் நச்சு இல்லன்னு சொல்றது. வெள்ளை ஸ்கூல் க்ளூ, க்ளூ ஸ்டிக், வாஷபிள் டெம்பரா, இந்த மூணு போதும். இல்லன்னா ஊர்ல போஸ்டர் ஒட்ட மைதாவ காய்ச்சுவாங்களே, அதே பசை, நல்லா கொதிக்க வெச்சு ஆறினதும் குடுங்க. பச்சை மாவைக் குழைச்சுக் குடுக்காதீங்க, வாயில போட்டா வயித்துக்கு ஆகாது. பசையை சூடாக்கி உருக்குற க்ளூ கன் வேண்டவே வேண்டாம், லோ டெம்ப்ன்னு போட்டிருந்தாலும் 120 டிகிரி செல்சியஸ் சூடு இருக்கும்.

நம்மவங்க பண்ற ரெண்டு விஷயம் தனியா சொல்லணும். சிவப்புக் கலருக்கு வீட்டுல இருக்குற குங்குமத்தையோ சிந்தூரத்தையோ கலக்காதீங்க. சில சிந்தூரப் பொடியில ஈயம் இருக்குன்னு அமெரிக்க உணவு, மருந்துத் துறை எஃப்டிஏ எச்சரிச்சிருக்கு, ஈயம் குழந்தை மூளைக்கு விஷம். அப்புறம் துவரை, பாசிப்பருப்பு எல்லாம் வெச்சு ஒட்டுற வான்கோழி, பாக்க அழகுதான், ஆனா மூக்குல போட்டுக்குவாங்க, உள்ள ஈரத்துல ஊறி உப்பிடும், அப்புறம் டாக்டர்தான் எடுக்கணும்.

இதைவிட எனக்கு பயம் உங்க 14 மாசப் பையன். அந்த கிட்ல இருக்குற ஆடுற பிளாஸ்டிக் கண்ணு, பாம்பாம் உருண்டை, இதெல்லாம் நேரா அவன் வாய்க்குத்தான் போகும். டாய்லெட் பேப்பர் தீர்ந்ததும் மிஞ்சுற அட்டைக் குழாய் வழியா விழற எதுவும் அவன் கையில சிக்கக் கூடாது. அரசாங்கம் வெச்சிருக்குற அளவுக் குழாய் 1.25 இன்ச் அகலம்தான், நம்ம அட்டைக் குழாய் அதைவிடக் கொஞ்சம் பெருசு, அதனால இன்னும் ஜாக்கிரதையா இருந்த மாதிரி ஆகும். "3 வயசுக்கு மேல"ன்னு டப்பாவுல போட்டிருக்கேன்னு சொல்வாங்க, போட்டிருக்கு, ஆனா வீட்டுல 3 வயசுக்குக் கீழ ஒண்ணு தவழுதுன்னு டப்பாவுக்குத் தெரியுமா? பொண்ணை டேபிள்ல உக்கார வெச்சு, பையன் தூங்குற நேரமாப் பண்ணுங்க. கண்ணுக்கு மார்க்கர் புள்ளியே போதும்.

இப்ப இந்த கிட் விக்கிறவங்க. அக்டோபர் வந்தா போதும், ஒரே ஃபோம் துண்டை பத்துப் பதினஞ்சு பேர் வேற வேற பேர்ல வித்துட்டிருப்பாங்க, ஒரே படம், விலை மட்டும் வேற. உள்ள இருக்குறது ஒரு டாலர் கடையில கிடைக்கிற ஃபோமும் இறகும்தான். நேர்ல வாங்கிப் பண்ணிப் பாத்து எழுதின மாதிரி விமர்சனம் வேற. இதைவிட மோசம், "ஃப்ரீ ப்ரின்டபிள்"னு கூப்பிடுற தளங்க. கிளிக் பண்ணினா ஏழு நாள் இலவசம், கார்டு நம்பர் குடுங்கம்பாங்க, எட்டாவது நாள்ல இருந்து மாசாமாசம் காசு போயிட்டே இருக்கும். என் கிளாஸ் அம்மா ஒருத்தங்களுக்கு நாலு மாசம் போனதுக்கப்புறம்தான் தெரிஞ்சது, நிறுத்தச் சொல்லி மெயில் போட்டா பதிலே இல்ல, கடைசில பேங்க்ல சொல்லி கார்டை மாத்தினாங்க. வான்கோழி படத்துக்கு கார்டு நம்பர் கேட்டா அந்தப் பக்கத்தை மூடிடுங்க. அவங்க ப்ரின்ட் பண்ணச் சொல்றது ஒரு வட்டமும் அஞ்சு இறகும், ஒரு தட்டை வெச்சு வரைஞ்சா வர்றது.

சில கிட்ல இறகு வெச்ச தலைப்பட்டை ஒண்ணும் வரும், "செவ்விந்தியர் வேஷம்"னு. அதைக் குழந்தைக்குக் கட்டி விடாதீங்க. முதல் தேங்க்ஸ்கிவிங்னு சொல்றாங்களே, 1621ல மாசசூசெட்ஸ் பக்கம் பிளிமத்துல நடந்த அந்த அறுவடை விருந்துல இங்கிலாந்துல இருந்து வந்தவங்களோட உக்காந்தது வாம்பனோவாக்ங்கற பூர்வகுடி மக்கள், அவங்களோட வாரிசுங்க இன்னிக்கும் இருக்காங்க, 1970ல இருந்து அதே பிளிமத்துல தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கு துக்க நாள் கடைப்பிடிக்கிறாங்க. அது விளையாட்டு உடுப்பு இல்ல.

ஸ்கூலுக்கு அனுப்புற மாறுவேஷத்துக்கு எனக்குத் தோணுறது, மயில். மயிலைப் பாத்து வான்கோழி ஆடினதுன்னு நம்ம ஊர்ல சொல்லுவோமே, குத்தமாச் சொல்லுவோம், இங்க அதுதான் அதைக் காப்பாத்தப் போகுது. அந்த பேப்பர் வான்கோழி வால் மேல காபி ஃபில்டர் ஒண்ணு, நீலம் பச்சை மார்க்கர் மட்டும் குடுத்து கிறுக்க வெச்சு தண்ணி அடிச்சு ஒட்டுங்க, ஃபோர்க்ல நாலு பச்சை ஒத்து ஒத்தினா முடிஞ்சது. வெட்டுறது மட்டும் நீங்க, மீதி அவ. இது என்னன்னு டீச்சர் கேட்டா "பீகாக்"னு அவளே சொல்லுவா, அதுக்கு ஒரு கதையும் நம்மகிட்ட இருக்கு. சாப்பிடப் போறாங்கன்னு சொன்னா பயப்படுற குழந்தையா இருந்தா, 1989ல இருந்து ஒவ்வொரு வருஷமும் ஜனாதிபதி ஒரு வான்கோழிக்கு மன்னிப்பு குடுத்து விட்டுடுறார்னு சொல்லுங்க, அது நெஜம்தான்.

ராத்திரி நீங்க ஒட்டி முடிச்சதை ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க. பிரிச்சு ஒட்டின கிட்டை பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டாங்க, அதுக்கு ரொம்ப நேரத்தை வீணாக்க வேண்டாம். இறகையும் கலர் பேப்பரையும் எடுத்து வைங்க, இறகு ஈரம் பட்டா சாயம் விடும், அதனால தண்ணியான பசை வேண்டாம், க்ளூ ஸ்டிக்ல மட்டும் ஒட்டுங்க. அந்த பிளாஸ்டிக் கண்ணு எல்லாத்தையும் எண்ணி, ஒண்ணு கொறஞ்சாலும் சோபா அடியில தேடி எடுத்து, இன்னிக்கே குப்பையில போட்டுடுங்க.