புதுக் கணினி வேண்டாம், முதலில் எஸ்எஸ்டி போடுங்கள்

உங்கள் கணினியில் நான்காம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். ஆன் ஆகவே ஐந்து நிமிடம், புதிதாக வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். பிராசஸர் இன்னும் தாங்கும், இழுத்துப் பிடிப்பது ஹார்ட் டிஸ்க்தான். சுழலும் தட்டில் ஒவ்வொரு கோப்பையும் தேடிப்போய்ப் படிக்க 10 மில்லி செகண்டு அளவில் ஆகும். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிரைவ், அதில் அந்த அலைச்சலே கிடையாது. 2.5 இன்ச் சாட்டா (போர்டுடன் இணைக்கும் முறை) எஸ்எஸ்டி, 240 ஜிபி போதும். மாற்றும் முன் பேக்கப் எடுத்துவிடுங்கள், பழைய டிஸ்கை நம்பாதீர்கள்.

அப்புறம் ராம். உங்கள் போர்டில் இருப்பது டிடிஆர்3 வகை ராம். டிடிஆர்4 வாங்கினால் ஸ்லாட்டில் நுழையாது. இன்னொரு 4 ஜிபி சேருங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 ஆதரிக்கும் பிராசஸர்களின் பட்டியலில் உங்களுடையது இல்லை. அதனால் விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் நிறுவலாம்.