உங்கள் பனிக்காட்சி ஹிரோஷிகேயா, ஹசுயியா?

வணக்கம். பனி பெய்யும் கோயில் வாயிலைக் காட்டும் உங்கள் ஜப்பானிய மரஅச்சுப் படம் ஓவியர் ஹிரோஷிகேயினுடையதா, ஓவியர் கவாசே ஹசுயியினுடையதா என்று கேட்டிருந்தீர்கள். 1858இல் மறைந்த ஹிரோஷிகே, வெளிக்கோட்டைத் தெளிவாக நிறுத்தி, அதனுள் வண்ணத்தைப் பெரும்பாலும் தட்டையாகப் பரப்பி, வானத்திலும் நீரிலும் மட்டும் அதைப் படிப்படியாக மங்கச் செய்வார். 1883இல் பிறந்த ஹசுயியோ, பதிப்பாளர் வதனபே ஷோசபுரோவுடன் இணைந்து, செதுக்கிய பல மரப்பலகைகளின் வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, ஒளியையும் நிழலையுமே முன்னிறுத்தினார். உங்கள் ஒளிப்படத்தில், சிவப்புத் தூணின் அடியில் பனியின் நிழல் கோடேயின்றி நீலமாகக் கரைகிற அழகைப் பார்த்ததும் எனக்கு ஹசுயிதான் தோன்றினார். ஆனால், சட்டத்திலிருந்து கழற்றி உருப்பெருக்கியில் பாருங்கள்: ஒழுங்கான சிறு புள்ளிகள் தெரிந்தால் அது இயந்திர அச்சு, கையால் அச்சிட்டதாயின், தாளின் பின்புறத்தில் ஊறிய வண்ணமும், பாரென் எனும் தேய்ப்பு வட்டின் சுழல் தடமும் பெரும்பாலும் தெரியும். ஓரத்திலுள்ள பதிப்பாளர் முத்திரையையும் படமெடுத்து இடுங்கள். எந்தக் காலப் பதிப்பு என்பதை அதைக் கொண்டே கணிக்க முடியும்.