பெரிய எண் பகா எண்ணா? சேலம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஏற்காடு வாசகர்: சார், எங்க ஊர் பின்கோடு 636601. இது பகா எண்ணா?

இல்லை. முதல் மூன்று இலக்கத்துக்கும் கடைசி மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்: 636 − 601 = 35. அது 7-ஆல் வகுபடுகிறது. எனவே முழு எண்ணும் வகுபடும் (7 × 90943). 1001 = 7 × 11 × 13 என்பதால், ஒரே கழித்தலில் மூன்று வகுஎண்களையும் சோதித்துவிடலாம். இதில் சிக்காத எண்ணை வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். இந்த அளவுக்கு 797 வரை, 139 பகா எண்கள்.

அஸ்தம்பட்டி மாணவி: நூறு இலக்க எண்ணை அப்படி வகுக்க முடியாதே. ஃபெர்மா சோதனை போதுமா சார்?

போதாதும்மா. 2-ஐ, எண்ணில் ஒன்று குறைத்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுக்கிறோம். ஒற்றை எண்ணுக்கு மீதி 1 வராவிட்டால் அது பகு எண், சந்தேகமே இல்லை. 1 வந்தால்தான் ஏமாறுவோம். பக்கத்து ஈரோட்டில் பிறந்த ராமானுஜனின் பெயரோடு சேர்ந்துவிட்ட 1729-க்கு மீதி 1 வருகிறது. ஆனால் அது 7 × 13 × 19. இந்த மூன்றில் எதனாலும் வகுபடாத எந்த அடிமானம் (2-க்குப் பதிலாக அடுக்குக்கு உயர்த்தும் எண்) எடுத்தாலும் இதே கதைதான்.

மில்லர்-ராபின் சோதனை இதைப் பிடித்துவிடும். 1729-இல் ஒன்று குறைத்த 1728-இல் உள்ள 2-களை எல்லாம் பிரித்தெடுத்தால் 64 × 27. முதலில் 2 அடுக்கு 27-இன் மீதி: 645. அதை வர்க்கப்படுத்தினால் மீதி 1065. மறுபடி வர்க்கப்படுத்தினால் 1. பகா எண்ணாக இருந்தால் 1-க்கு முந்தைய மீதி 1 அல்லது 1728 ஆகத்தான் இருக்க முடியும், இங்கே 1065. இன்னொரு அழகு: 1065-இல் ஒன்று குறைத்த 1064, 1729 இரண்டின் மீப்பெரு பொது வகுத்தி 133, அதாவது 7 × 19. ஆனால் எல்லா எண்ணிலும் இப்படிக் காரணி கையில் விழாது. பகு எண் என்று உறுதியாகத் தெரிந்தும் காரணி தெரியாமலே இருக்கலாம்.

அடிமானங்களைக் குலுக்கலில் எடுத்து மில்லர்-ராபின் வழியில் 40 முறை சோதித்தால், பகு எண் தப்பும் வாய்ப்பு 4 அடுக்கு 40-இல் ஒன்றைத் தாண்டாது. இருந்தாலும் அது நிரூபணம் ஆகாது.

சூரமங்கலம் வாசகர்: எக்செல்லில் 20 இலக்க எண் போட்டால் விடை தப்பா வருதே?

எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், மிச்சத்தைச் சுழியாக்கிவிடும். பைத்தான் நிரல்மொழிக்கு மாறுங்கள். அங்கேயும் முழு அடுக்கைக் கணக்கிட்டுவிட்டு மீதி எடுக்காதீர்கள், நினைவகம் தாங்காது. ‘பவ்’ (pow) சார்புக்கு அடிமானம், அடுக்கு, வகுஎண் மூன்றையும் ஒன்றாகக் கொடுங்கள்.

அம்மாப்பேட்டை வாசகர்: 2024-ல் கண்டுபிடிச்ச பெரிய பகா எண் வங்கிப் பாதுகாப்புக்கு உதவுமா?

உதவாது. 2 அடுக்கு 136279841 கழித்தல் 1, மொத்தம் 41,024,320 இலக்கம். ஊருக்கே தெரிந்த எண் ரகசியச் சாவி ஆகாது. ஆர்எஸ்ஏ என்பது இரண்டு பகா எண்களைப் பெருக்கிச் சாவி உருவாக்கும் மறையாக்க முறை; அதன் 2048 பிட் சாவிக்குச் சுமார் 309 இலக்கத்தில் இரண்டு பகா எண்கள் போதும்.

ஓமலூர் ஆசிரியர்: அவ்வளவு பெரிய எண்ணை எப்படி நிரூபிக்கிறார்கள்?

மெர்சென் எண்ணுக்கு (2-இன் அடுக்கில் 1 கழித்த எண்) மட்டும் லூக்கா-லேமர் வழி உண்டு. 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2 கழித்து, மீதி எடுக்க வேண்டும். அடுக்கில் இரண்டு குறைத்த எண்ணிக்கையில் படிகள். 31-க்கு (2 அடுக்கு 5 கழித்தல் 1) மூன்று படி: 14, 8, 0. சுழியில் முடிந்தால் பகா எண். கோடிக்கணக்கான படிகளில் ஒரே ஒரு கணக்குப் பிழை புகுந்தாலும் முடிவு கெடும். அதனால் வேறு மென்பொருளிலும் வேறு கணினியிலும் சரிபார்ப்பார்கள். வகுப்பில் 2047-ஐயும் கொடுங்கள்: அடுக்கு 11 பகா எண்தான், ஆனால் ஒன்பதாம் படியில் 1736 வரும். 2047 = 23 × 89.