அப்பாவின் கேமராவும் உறைபனியும்

அன்புள்ள ஐயா,

அப்பா வைத்திருந்த டிஜிட்டல் கேமரா என்னிடம் இருக்கிறது. நான்கு பென்டார்ச் செல் போடுகிற பழைய மாடல். போன ஜனவரியில் ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தாவில் உறைபனியைப் படமெடுக்க, வழியில் பெட்டிக்கடையில் புது செல் வாங்கிப் போட்டேன். ஆறே படம், ஆஃப் ஆகிவிட்டது. சார்ஜ் செய்கிற செல்லில் 1.2 வோல்ட் என்று போட்டிருக்கிறது. சாதா செல்லில் 1.5. நான்கிலும் சேர்த்து 1.2 வோல்ட் குறைகிறதே, கேமரா ஓடுமா? டிசம்பரில் மறுபடி வருகிறேன்.

- ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரி,

தாராளமாக ஓடும்.

அந்தக் கடை செல்களைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் சுவர்க்கடிகாரத்தில் போட்டுப் பாருங்கள், மாதக்கணக்கில் ஓடும். பெட்டிக்கடையில் கிடைப்பவை பெரும்பாலும் கார்பன் ஜிங்க் செல்கள். கடிகாரம் மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். கேமராவோ லென்ஸை நீட்டும்போதும் ஃபிளாஷை ஏற்றும்போதும் ஒரே மூச்சில் கேட்கும். செல்லின் உள்தடை, அதாவது மின்சாரம் வெளிவருவதைச் செல்லே உள்ளுக்குள் தடுக்கும் அளவு, அதிகமாக இருந்தால் அந்த நொடியில் வோல்ட் சரிந்துவிடும். உள்ளே சரக்கு இருக்கும்போதே கேமரா மூடிக்கொள்ளும். குளிரில் வேதிவினை மந்தமாவதால் இது இன்னும் மோசம்.

சாதா செல்லில் உயர்ந்த வகையான அல்கலைன் செல்லும் புதிதில்தான் 1.5 வோல்ட். வேலை வாங்க வாங்க இறங்கி, 1.2-ஐயும் தாண்டிக் கீழே போகும். நீங்கள் கேட்ட சார்ஜ் செய்கிற செல், அதாவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு (Ni-MH) செல், கிட்டத்தட்ட கடைசிவரை 1.2-ஐ ஒட்டியே நிற்கும், உள்தடையும் குறைவு. கேமரா மெனுவில் பேட்டரி வகை கேட்டால் Ni-MH என்று மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே சிவப்பு காட்டும்.

'லோ செல்ஃப் டிஸ்சார்ஜ்' வகையாகப் பார்த்து வாங்குங்கள். 2005இல் சான்யோ எனிலூப் என்ற பெயரில் கொண்டுவந்ததே அந்த வகைதான். பழைய வகை அலமாரியில் சும்மா கிடந்தே வற்றிவிடும். இது ஒரு வருடம் கழித்தும் பெரும்பகுதியை வைத்திருக்கும். கொள்ளளவு 2000 மில்லி ஆம்பியர்-ஹவர் (mAh) போதும். 4000 என்று அச்சடித்திருந்தால் நம்பாதீர்கள், அந்த உருளைக்குள் அவ்வளவு அடங்காது. நான்கையும் சேர்த்தே வாங்கி, சேர்த்தே சார்ஜ் போடுங்கள். ஒன்று தளர்ந்தால் மற்ற மூன்றும் சேர்ந்து அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்து கெடுத்துவிடும்.

முக்கியமானது ஒன்று. அச்சு அசல் அதே அளவில், 14500 என்ற எண்ணோடு 3.7 வோல்ட் லித்தியம் அயன் செல்லும் விற்கிறார்கள். அதை நான்கு போட்டால் அப்பாவின் கேமரா கருகிவிடும். தயவுசெய்து வோல்ட்டைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

குளிருக்கு எங்கள் ஊர் வழக்கம் எளிது. ஒருமுறை ஊட்டி காந்தலில் விடியலுக்கு முன்னால் போய் நின்றேன். கார் கண்ணாடியில் பனி நகத்தால் சுரண்டுகிற அளவுக்கு இறுகியிருந்தது. கேமராவில் இருந்த செல்கள் இருபது படத்தில் துவண்டன. ஸ்வெட்டருக்குள், சட்டைப்பையில் இன்னொரு நான்கு வைத்திருந்தேன். எடுத்தபோது உடம்புச் சூட்டோடு இருந்தன. மாற்றிப் போட்டு, துவண்டவற்றை அதே பையில் வைத்தேன். அரைமணி நேரத்தில் அவையும் தெளிந்து இன்னும் கொஞ்சம் உழைத்தன. வெயில் ஏறிப் புல்லில் பனி கரையும்வரை எடுத்தேன்.

அதனால் நான்கல்ல, எட்டாக வாங்குங்கள். இங்கே முதலில் நீர்ப்பனி விழும், பிறகுதான் உறைபனி. நீர்ப்பனி தொடங்கியதும் எழுதுகிறேன். அன்றைக்கே சார்ஜ் போட ஆரம்பித்துவிடுங்கள்.