டிசம்பர் வந்தால் அம்மாவுக்கு நித்திரை இல்லை

இது பைத்தியம் இல்லை தம்பி, பேய் பிசாசு என்று கழிப்புக் கழிக்கவும் தேவையில்லை. பகலில் சிரித்துக் கதைக்கிற அம்மா, டிசம்பர் பிறந்ததும் நடுச்சாமத்தில் கதவடியில் போய் நிற்கிறார், வீடு மட்டக்களப்புக் கடற்கரையில், கல்லடியில் என்கிறீர்கள். பெரும்பாலும் 2004 டிசம்பர் 26 சுனாமிதான் காரணம். அதே மழை, அதே கடல் இரைச்சல் திரும்பி வரும்போது உடம்பு தானாக உசாராகிவிடும்.

எழும்புகிற நாட்களைக் கலண்டரில் குறித்துப் பாருங்கள். கடல் இரைகிற இரவுகளிலும் 26-ஐ ஒட்டியும் கூடி, தை மாதம் குறைந்தால் அதுதான்.

மறிக்க வேண்டாம், கூடப் போய் நில்லுங்கள். பக்கத்து நாவலடியில் இருந்த எங்கள் மாமி கதவடியில் எப்போதும் ஒரு பை வைத்திருப்பா, உள்ளே அடையாள அட்டை, டோர்ச், ஒரு சோடிச் செருப்பு. நாங்கள் பகிடி பண்ணி அதை எடுத்து ஒளித்த வருசம்தான் அவ படுக்கவே இல்லை.

ஆனால் மாசியிலும் தொடர்ந்தால், சாப்பாடு குறைந்தால், “நானும் போயிருக்கலாம்” என்ற கதை வந்தால் காத்திருக்காதீர்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். அப்படியே தைரொயிட்டும் சீனியும் ஒருக்கால் பாருங்கள், எல்லாவற்றையும் சுனாமி தலையில் போடவும் கூடாது.